தலைகீழாகப் போன ஒரு மீட்டர் சேறு

காளங்கி ஆறு பழவேற்காடு ஏரியில் கலக்கும் பக்கத்தில், தடாவுக்கும் சூலூர்பேட்டைக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்த பேச்சு என்று வளர்ந்தவன் நான். டிப்ளமோ முடித்த பிறகு, காக்கிநாடாவிலிருந்து புறப்படும் ஆய்வுக் கப்பல்களில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். எரிவாயுக் குழாயோ தொலைத்தொடர்புக் கேபிளோ போடுவதற்கு முன்னால், அது போகப்போகும் கடலடித் தரையை அளந்து, அங்கிருந்து சேற்றை எடுத்து வந்து, அதன் அடுக்குகளைப் பார்த்துக் குறித்துக் கொடுப்பது எங்கள் குழுவின் பணி. "படிச்சிட்டு சேறு அள்ளப் போறான்" என்று அம்மா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தது ஏறக்குறையச் சரியான வர்ணனைதான்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஆழ்கடல் தரையை உருவாக்கும் கலங்கல் ஓட்டங்களைப் பற்றிக் கப்பலில் நான் கற்றவற்றில் பாதி, தவறு செய்து திட்டு வாங்கியதால் கற்றவை. மீதியில் ஒரு பங்கு, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மீன்தொட்டியை வைத்துக்கொண்டு அவமானப்பட்டபோது கற்றவை. இந்த வேலைக்குப் போகிற இளைஞர்களுக்கும், வகுப்பில் இதைச் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் உதவலாம் என்று இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வேலையில் சேர்ந்தபோது ஆழ்கடல் தரையைப் பற்றி என் மனத்தில் இருந்த படம், பூட்டிக் கிடக்கும் வீட்டில் தூசி படிவதைப் போன்றது. நுண்ணிய களிமண்ணும் மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் மேலேயிருந்து ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். தரை ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் உயரும். இது பொய்யில்லை, கரையை விட்டு வெகுதூரம் விலகிய இடங்களில் உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களுக்கு வெளியே, கரையோரக் கடல் ஆழ்கடலை நோக்கி இறங்கும் கண்டச் சரிவின் கீழ்ப்பகுதியில், ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து குழாயால் குத்தி எடுத்த என் முதல் சேற்றுத் தூணை நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது, அரை மீட்டர் அளவுக்கு வெண்ணெய் போல வழுவழுவென்றிருந்த பச்சைச் சாம்பல் நிறக் களிமண்ணுக்கு அடியில், விரல் நுனியில் உருளும் மணல் இருந்தது. அந்த மணலுக்குள் அப்பள நொறுக்கல் போல உடைந்த சிப்பியும், கறுத்துப்போன ஓர் இலை நரம்பும் கிடந்தன. ஆழம் குறைந்த கரையோரத்தில் கிடக்க வேண்டிய பொருள்கள் இவை. தூசி போல மிதந்து வந்து படிய மணலால் முடியாது.

எங்கள் குழுவின் மூத்த நிலவியலாளர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கப்பலில் தெலுங்கர், வங்காளி என எல்லோருமே அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்கள். "இது விழுந்த மண்ணு இல்ல தம்பி, ஓடி வந்த மண்ணு" என்றார் அவர். சேறு கலந்த நீர், சுற்றியுள்ள தெளிந்த நீரைவிடக் கனமானது. சரிவான தரையில் அப்படி ஒரு கனத்த கலங்கல் திரண்டுவிட்டால், அது தெளிந்த நீருக்கு அடியில் புகுந்து தரையைத் தடவிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கும். நிலத்து ஆற்றில் நீர் சரிவிறங்குகிறது, மண் அதன் மேல் சவாரி செய்கிறது. கடலடி ஓட்டத்திலோ மண்ணின் கனம்தான் சரிவிறங்குகிறது, நீர் அதனோடு இழுபட்டுப் போகிறது. போகிற போக்கில் தரையைக் கீறி மேலும் மண்ணை அள்ளிக்கொண்டால் கனம் கூடும், கனம் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் கீறும். சரிவு தணிந்து தரை சமமாகும் இடத்தில் இந்தச் சங்கிலி அறுந்து, முதலில் பருமணலும், பிறகு நுண்மணலும் வண்டலும், கடைசியில் நாள் கணக்கில் களிமண்ணும் அமரும். இதைத்தான் நூல்களில் டர்பிடிட்டி கரண்ட் என்றும், அது விட்டுச் சென்ற அடுக்கை டர்பிடைட் என்றும் சொல்கிறார்கள். நான் கலங்கல் ஓட்டம் என்றே எழுதுகிறேன். காளங்கியில் கலங்கல் வந்துவிட்டது என்று சொல்லி வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லே போதும்.

அடியில் பருமன், மேலே நுண்மை என்ற இந்த வரிசைக்கு இப்படி ஓர் ஓட்டமே காரணம் என்று 1950-இல் டச்சு நிலவியலாளர் கியூனென், இத்தாலியர் மில்லியோரினி ஆகிய இருவரும் எழுதினார்கள். 1962-இல் அர்னால்ட் பௌமா, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பாறைகளில் பார்த்ததை வைத்து, ஒரு முழு அடுக்கை ஐந்து பிரிவுகளாக வகுத்தார்: அடியில் கோடுகளற்ற மணல், அதன்மேல் நேர்க்கோடுகள் கொண்ட மணல், அதன்மேல் சிற்றலை வடிவங்கள் பதிந்த நுண்மணல், பிறகு மெல்லிய வண்டல் கோடுகள், உச்சியில் களிமண். ஐந்தும் ஒரே அடுக்கில் வரிசையாகக் கிடைப்பது அபூர்வம். பதினொரு ஆண்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் மேல் மூன்றோ மேல் இரண்டோதான். அதாவது, ஓட்டம் களைத்துப்போன பிறகு வந்து சேர்ந்த இடங்கள்.

இங்கே ஒரு கைப்பழக்கத்தைச் சொல்ல வேண்டும். குழாயைப் பிளந்தவுடன் முகப்பு முழுவதும் ரம்பம் இழுத்த சேறு பூசியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும்போது புதியவர்கள் எல்லோரும் கத்தியை நீளவாக்கில் இழுப்பார்கள், நானும் இழுத்தேன். அப்படி இழுத்தால் ஓர் அடுக்கின் மணல் அடுத்த அடுக்கின் மேல் தேய்ந்து, கூர்மையாக இருந்த எல்லை மங்கிவிடும். குறுக்குவாக்கில், இடமிருந்து வலமாக, ஒவ்வோர் இழுப்புக்கும் கத்தியைத் துடைத்துவிட்டு இழுக்க வேண்டும். சுரண்டியவுடன், வேறு எந்த வேலைக்கும் முன், அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் அந்தப் பச்சைச் சாம்பல் நிறம் பழுப்பாக மாறத் தொடங்கும், நாளைக்கு எடுக்கும் படத்தில் இன்றைய நிறம் இருக்காது. வண்டலா களிமண்ணா என்று கண்ணால் பிரிக்க முடியாதபோது கடுகளவு எடுத்து முன்பற்களுக்கிடையே வைத்துக் கடிக்க வேண்டும்: நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். ஊரில் இதைச் சொன்னபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ஏரியில் அறுபது ஆண்டு வலை வீசிய என் சித்தப்பா மட்டும், "ஈயக் குண்டுல ஒட்டுனத நாங்களும் நாக்குல வச்சித்தான் பாப்போம்" என்றார்.

இனி, தலைப்பில் சொன்ன கதை. சேறு எடுக்கும் கருவி எளிமையானது. மேலே ஈயக் கட்டிகள் கோத்த கனம், கீழே இரும்புக் குழாய், அதற்குள் பிவிசி உறை, நுனியில் கூரிய வாய், வாய்க்கு உள்ளே சேறு நழுவிவிடாமல் இருக்கப் பூவிதழ் போல மடங்கும் தகட்டு விரல்கள். கருவியைக் கம்பியில் இறக்கி ஏற்றும் வின்ச்சைப் பிடித்திருந்தவர் காக்கிநாடாவைச் சேர்ந்த பெரியவர். அவரை நாங்கள் பாபாய் என்போம், அவர் என்னைத் தம்முடு என்பார். கம்பியின் இழுவை காட்டும் முள் சட்டென்று கீழே விழுந்தால் கருவி தரையில் குத்திவிட்டது என்று பொருள். "ஆபு, ஆபு" என்று நான் கத்துவேன், அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருப்பார். மேலே வந்த உறையை ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனைகளிலும் மூடி போட்டு, எது மேல் எது கீழ் என்று அம்புக்குறி எழுதிக் குளிர்சாதன அறையில் அடுக்க வேண்டும்.

அன்றைக்கு இரவு இரண்டு மணி. கடல் கொந்தளிப்பு. மேல்முனைக்கு ஒரு நிறம், கீழ்முனைக்கு வேறு நிறம் என்று வைத்திருந்த மூடிகளில் ஒன்று தீர்ந்துபோக, நான்கு துண்டுகளுக்கும் ஒரே நிற மூடியைப் போட்டேன். பேனாவால் எழுதிய அம்புக்குறியை, மேல்தளத்தில் சேற்றைக் கழுவிய உப்புநீர்க் குழாய் அடித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது. விடிந்ததும் மூன்றாம் துண்டைத் திறந்தேன். அதில் ஓர் அருமையான அடுக்கு, ஆனால் கீழே நுண்மை, மேலே போகப் போகப் பருமன். எனக்கு ஒரே பெருமை. ஆற்று வெள்ளம் படிப்படியாக வலுக்கும்போது அதிலிருந்து நேராகக் கடலடிக்கு இறங்கும் ஓட்டம் இப்படித் தலைகீழ் வரிசையை உண்டாக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அதையே விளக்கமாக எழுதி, அன்றைய அறிக்கையில் சேர்த்து, கரைக்கு அனுப்பியும் விட்டேன்.

அண்ணாச்சி மதியம் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றவர், "பூச்சி எந்தப் பக்கத்துல இருந்து தோண்டியிருக்கு?" என்று கேட்டார். மணல் வந்து அமர்ந்து கடல் அமைதியானதும், புதிய தரையில் புழுக்கள் குடியேறி மேலிருந்து கீழே வளை தோண்டும். அந்த வளைகளில் மேலே உள்ள சேறு நிரம்பியிருக்கும். என் துண்டில் வளைகள் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறியிருந்தன. அடுத்து அவர் மணலின் எல்லைகளைக் காட்டினார். "மேல்பக்கம் கத்தியால வெட்டுன மாதிரி இருக்கு, கீழ்ப்பக்கம் பால்ல தண்ணி ஊத்துனாப்புல மங்குது. ஓட்டம் வரும்போதுதான் தரைய அறுக்கும், போகும்போதா அறுக்கும்?" என்றார். கடைசியாக இரண்டாம் துண்டின் அடிமுனையைக் கொண்டுவரச் சொல்லி, மூன்றாம் துண்டில் நான் கீழ்முனை என்று வைத்திருந்த முனையோடு ஒட்டவைத்தார். ரம்பம் பாதியாக அறுத்த ஒரு சிப்பி அங்கே முழுதாகச் சேர்ந்துகொண்டது. துண்டு தலைகீழாக இருந்தது.

தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் மூடிகள் தீர்ந்துபோகும் என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டிருந்தோம். அதைப் பற்றி எங்களை வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் ஒரு வார்த்தையும் பேசாமல், திருத்திய அறிக்கைக்கு ஆன இரண்டு நாள் தாமதத்தை மட்டும் என் பெயரில் எழுதி வைத்தது. அதன் பிறகு நான் பேனாவை நம்பியதில்லை. உறையைக் குழாயிலிருந்து வெளியே இழுக்கும் முன்பே, ஆணி முனையால் அதன் முழு நீளத்துக்கும் ஒரு கோடு கீறி, ஒவ்வோர் இருபது சென்டிமீட்டருக்கும் மேல்நோக்கிய அம்பு கீறிவிடுவேன். இன்னொரு செய்தியும் இதனோடு சேர வேண்டும்: குழாயின் வெளிப்புறத்தில் எவ்வளவு உயரம் சேறு ஒட்டியிருக்கிறது என்பதை, கழுவும் முன் அளந்து எழுதுங்கள். வெளியே நான்கு மீட்டர் ஒட்டியிருக்க உள்ளே மூன்று மீட்டர் மட்டுமே இருந்தால், சேறு அமுங்கியிருக்கிறது, அல்லது இடையில் சில அடுக்குகள் உள்ளே நுழையாமலே விலகியிருக்கின்றன. அந்த ஒரு மீட்டரை மறந்து எழுதப்படும் ஆழக் கணக்குகள் எல்லாமே கற்பனைதான்.

தலைகீழ் வரிசை உண்மையாகவே இருக்கக்கூடியது என்பதும் சரிதான், அதனால்தான் நான் ஏமாந்தேன். பருமனை மட்டும் பார்த்துத் துண்டைத் திருப்பி வைப்பதும் அதே அளவு ஆபத்து. வெட்டிய எல்லை, வளைகளின் திசை, துண்டுகளின் பொருத்தம் என்ற மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

குழாயும் கேபிளும் போடுகிறவர்கள் இதற்காக ஏன் பணம் செலவழிக்கிறார்கள் என்று வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் 7.2 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் இருந்த தந்திக் கேபிள்கள் உடனே அறுந்தன. அதில் வியப்பில்லை. ஆனால் அதற்குத் தெற்கே, ஆழமான பகுதியில் கிடந்த கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்த பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, வரிசையில் அறுந்துகொண்டே போயின, மொத்தம் பன்னிரண்டு. ஏன் என்று யாருக்கும் தெளிவாகவில்லை. 1952-இல் ஹீசென், யூவிங் இருவரும், ஒவ்வொரு கேபிளும் அறுந்த நேரத்தையும் இடைத்தூரத்தையும் வைத்துக்கொண்டு, நிலநடுக்கத்தால் சரிந்த மண் கலங்கல் ஓட்டமாகி ஒவ்வொன்றாக அறுத்துச் சென்றிருக்கிறது என்று காட்டினார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது அவர்கள் கண்ட உச்ச வேகம்; பின்வந்தோர் அதை 70 கிலோமீட்டருக்கு அருகில் குறைத்தார்கள். கேபிள்காரர்களின் நேரக் குறிப்பு மட்டும் அவ்வளவு ஒழுங்காக இல்லாதிருந்தால் இந்தக் கணக்கே சாத்தியமில்லை. நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள் என்று நான் இளையவர்களிடம் நச்சரித்ததற்கு இதுவே காரணம்.

அண்மைக் காலத்திலும் இது நடந்திருக்கிறது. 2020 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்று முகத்துவாரத்திலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கில் இறங்கிய ஓர் ஓட்டம், இரண்டு நாள்களில் 1,100 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்து, வழியில் தொலைத்தொடர்புக் கேபிள்களை அறுத்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த கருவிகள் பிடுங்கப்பட்டு மேலே மிதந்து வந்த நேரங்களிலிருந்துதான் அதன் வேகம் தெரிந்தது: தொடக்கத்தில் வினாடிக்கு 5 மீட்டர், போகப் போக 8 மீட்டர். களைத்துப் போக வேண்டியது, கீறி அள்ளிக்கொண்டே வேகம் கூடியிருக்கிறது. கலிபோர்னியாவின் மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை நடந்த அளவீட்டில், 800 கிலோ எடையுள்ள கருவிச் சட்டத்தையே ஓட்டம் பெயர்த்துக்கொண்டு போனது. ஓட்டம் மேலிருந்து வந்து தள்ளியதைவிட, சட்டம் நின்றிருந்த தரையே குழைந்து நகர்ந்து அதைச் சுமந்துசென்றது என்று அங்கே கண்டார்கள். கருவியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் அதனடியில் இருக்கும் தரை கனமாவதில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஓட்டங்கள் கொண்டுவந்த மண் ஆழ்கடல் தரையில் விசிறி போல விரிந்து கிடப்பதைக் கடலடி விசிறி என்பார்கள்; உலகின் மிகப் பெரிய கடலடி விசிறி வங்காள விரிகுடாவில்தான் இருக்கிறது. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் மண், வங்கதேசத்துக்குத் தெற்கே உள்ள பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு வழியாகக் கலங்கல் ஓட்டங்களாக இறங்கி, சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, நிலநடுக்கோட்டையும் தாண்டிப் பரவியிருக்கிறது. வடமுனையில் அந்தப் படிவின் தடிப்பு 16 கிலோமீட்டருக்கும் அதிகம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கேபிள் குறுக்கே கடப்பதும் இந்த மண்ணைத்தான்.

இந்த விசிறியை நான் முதலில் ஒரு தட்டையான சமவெளியாகக் கற்பனை செய்திருந்தேன். தரைக்கு ஒலி அனுப்பி எதிரொலியால் ஆழம் அளக்கும் ஒலிக்கருவிகள் வரைந்து காட்டிய படத்தில் அது நிலத்தில் உள்ள வெள்ளச் சமவெளியைப் போலவே இருந்தது: வளைந்து நெளியும் வாய்க்கால், இருபுறமும் உயர்ந்த கரை. ஓட்டத்தின் அடிப்பகுதியில் மணலும் மேல்பகுதியில் நுண்மண்ணும் இருப்பதால், மணல் வாய்க்காலுக்குள்ளேயே போகிறது. நுண்மண் மட்டும் விளிம்பைத் தாண்டி வழிந்து கரையாகப் படிகிறது. கரை உயர உயர வாய்க்காலும் சுற்றுத் தரையைவிட உயர்ந்துவிடும். எங்காவது ஓரிடத்தில் கரை உடைந்தால் அடுத்த ஓட்டம் பள்ளத்தைத் தேடிப் புது வழி பிடிக்கும், பழைய வாய்க்கால் தூர்ந்து புதையும். ஆகவே ஓரிடத்தில் மட்டும் துளையிட்டு, அங்கே மணல் வருவது நின்றுவிட்டது, ஆகையால் மலையில் அரிப்பு நின்றுவிட்டது என்று எழுதினால், வாய்க்கால் வேறு பக்கம் போனதை மலையின் கணக்கில் எழுதியதாகும். 2015-இல் பன்னாட்டுக் கடல்துளைக் குழுவினர் 8 பாகை வட அட்சரேகையில் கிழக்கு மேற்காக 320 கிலோமீட்டருக்கு ஏழு இடங்களில் துளையிட்டது இந்தக் காரணத்தால்தான்.

ஒலிக்கருவியில் ஒரு சிறிய எச்சரிக்கை. ஒலியின் வேகம் நீரின் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். வங்காள விரிகுடாவில் மழைக்காலத்தில் ஆற்று நீர் மேலே மெல்லிய போர்வையாகப் பரவியிருக்கும். காலையில் எடுத்த ஒலிவேக அளவை மாலைக்கும் வைத்துக்கொண்டால், சமதரையின் இரு ஓரங்களும் புன்னகை போல வளைந்து ஏறும் அல்லது தொங்கும். அந்தப் புன்னகையைக் கரை என்று குறித்தவரை நான் அறிவேன், நல்லவேளையாக அது நானில்லை.

அந்த மெல்லிய போர்வையை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஊருக்கு வந்த பிறகுதான். பிள்ளைகளுக்குக் கலங்கல் ஓட்டத்தைக் காட்டுவதற்காக நான்கடி நீள மீன்தொட்டி ஒன்றை வாங்கினேன். தொட்டியைச் சாய்த்தால் ஒட்டு விட்டுவிடும் என்று தொட்டிக்காரர் எச்சரித்ததால், உள்ளே ஒரு அக்ரிலிக் தகட்டைச் சாய்வாக நிறுத்தினேன். அறுபது லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ கல்லுப்பு கரைத்து, கடல்நீர் அளவுக்கு உப்பாக்கினேன். ஒரு பையன் காளங்கிச் சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரில் கலக்கிக் கொடுக்க, எல்லோரையும் தரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் ஊற்றினேன். சேறு அப்படியே மேற்பரப்பில் மிதந்து, டீயில் ஆடை படர்ந்ததுபோலத் தொட்டியின் மறுமுனை வரை போனது. கீழே ஒன்றும் நடக்கவில்லை. "சார், மேல ஓடுது" என்றாள் ஒரு சிறுமி, பரிதாபமாக.

கணக்கு எளிது, முன்பே போட்டிருக்க வேண்டும். நல்ல நீரைவிடக் கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் கனம். அதை மிஞ்ச வேண்டுமானால், ஆற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் மண்ணாவது இருக்க வேண்டும். பெரிய ஆறுகளில் சாதாரண வெள்ளத்தில் அவ்வளவு மண் இருப்பதில்லை. அதனால் கோதாவரியின் வெள்ளம் கடலுக்குள் பல கிலோமீட்டர் பழுப்பாகப் படர்ந்தாலும் மேலேதான் மிதக்கிறது. அந்த மண் முதலில் ஆழம் குறைந்த கண்டத்திட்டில் அமர்கிறது. பிறகு புயலின் பேரலைகளோ, நிலநடுக்கமோ, தன் கனம் தாங்காத சரிவோ அதைக் கிளப்பிவிடும்போதுதான் பள்ளத்தாக்கு வழியே இறங்குகிறது. ஆற்றில் வெள்ளம் வந்த நாளும் ஆழ்கடலில் மணல் அமர்ந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கப்பலில் நான் பெருமையோடு எழுதிய விளக்கம் எவ்வளவு அவசரமானது என்பது திண்ணையில்தான் உறைத்தது.

தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். சில நிமிடங்களில் மிதந்த சேற்றின் அடிப்பக்கத்திலிருந்து விரல் விரலாகக் கலங்கல் கீழே இறங்கத் தொடங்கியது. உப்பு பட்டவுடன் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்துவிடுகின்றன. கடலிலும் இப்படி இறங்குவதற்கு வழி உண்டு. ஏரியில் வலை வீசும் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, "மேல வன்னி வெள்ளம் ஓடும், கீழ தெண்டி இழுக்கும், வலை சொல்லும் அத" என்றார். வன்னியும் தெண்டியும் எதிரெதிர்த் திசையில் போகும் நீரோட்டங்கள். மேல்நீரைப் பார்த்து அடிநீரைச் சொல்லக்கூடாது என்பதை அவர் வலையிலிருந்து கற்றிருக்கிறார்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு அளவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு லிட்டர் நீரில் 200 கிராம் உலர்ந்த களிமண்ணும் சலித்த நுண்மணலும் கலந்தால் உப்புநீருக்கு அடியிலும் தாராளமாக இறங்கும். தகட்டின் உச்சியில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும், நிதானமாக ஊற்றினால் கலைந்துவிடும். ஓட்டத்தின் தலை உருண்டு புரண்டு, மறுமுனையை ஏறக்குறைய பத்து வினாடியில் தொடும். கைபேசியைக் கண்ணாடிக்கு நேராக, தரை மட்டத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் வெறும் கலங்கல்தான் தெரியும். உப்புநீரில் ஒரே இரவில் தெளிந்துவிடும், நல்ல நீரில் நாள் கணக்கில் ஆகும். முடிந்ததும் அந்தச் சேற்றைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். கொட்டிய மறுநாள் எங்கள் வீட்டில் வந்த குழாய்க்காரருக்குக் கலங்கல் ஓட்டத்தை விளக்க வேண்டியிருந்தது.

சென்ற மாதம் மூன்று நாள்கள், நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை ஊற்றினோம். இரண்டாம் நாள் கொஞ்சம் தாராளமாக ஊற்றியிருந்தோம். நான்காம் நாள் காலையில் கண்ணாடியின் பக்கவாட்டில் அடுக்குகளை எண்ணச் சொன்னேன். மேலே ஓடுகிறது என்று அன்று சொன்ன அதே சிறுமி, "சார், மூணு தடவதான ஊத்துனோம்? நாலு இருக்கே" என்றாள். உண்மைதான். இரண்டாவது அடுக்குக்கு மேல், மறுமுனைச் சுவர்ப் பக்கத்தில் தடித்து நம் பக்கம் மெலிந்துவரும் ஒரு மெல்லிய வண்டல் கோடு இருந்தது. பதிவை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாம் நாள் ஓட்டம் சுவரில் மோதித் திரும்பி வந்து, தன் மணலின் மேலேயே மறுபடி ஒரு கோட்டை இட்டிருந்தது. கடலிலும் எதிரே குன்றோ சரிவோ இருக்கும் இடங்களில் ஓட்டம் இப்படித் திரும்பி வருவதுண்டு.

"அப்ப கப்பல்ல நீங்க எண்ணுனதும் தப்பா இருக்குமா சார்?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அன்றிரவு பரணிலிருந்து என் பழைய குறிப்பேட்டை இறக்கினேன். ஒரு பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில், தனித்தனி நிகழ்வுகள் என்று எண் போட்டு இரண்டு மணல் அடுக்குகளைக் குறித்திருந்தேன். இடையில் உள்ள சேற்றைப் பற்றிய என் குறிப்பு: "புழு வளை இல்லை." புழுக்கள் குடியேறும் அளவுக்கு அங்கே காலம் கிடைக்கவில்லை. இரண்டு எண்களையும் ஒரு கோட்டால் இணைத்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அன்றைய தேதியையும் எழுதினேன்.